டிராவலரா, ரவுண்டுச் சீட்டா, பிரிட்ஜ்மேட்டா? சென்னை மன்றங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு பிரிட்ஜ் சீட்டாட்ட மன்றத்தின் செயற்குழுவில் ஸ்கோர் பதியும் முறையை மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. கருவி வாங்கப் பெருந்தொகை வேண்டும், காகிதத்துக்குச் செலவே இல்லை, ஆகவே அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் எழுதிவிட்டுக் கூட்டம் கலையும். விலை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மேசையில் ஒருவர் தவறாகப் பதிந்துவிட்டால், அந்தத் தவறு எந்த நேரத்தில், யார் கண்ணில் படும்? டிராவலர் (மேசை மேசையாகப் போகும் ஸ்கோர் தாள்), ரவுண்டுச் சீட்டு (ரவுண்டுக்கு ஒரு தாள்), பிரிட்ஜ்மேட் போன்ற தனி மின்னணுக் கருவி, டேப்லெட் அல்லது கைபேசி ஆகிய நான்கு வழிகளையும் இந்த ஒரு கேள்வியால் அளந்தால், முடிவு எடுப்பது எளிதாகிறது.

ஒரு பதிவுத் தவறு எவ்வளவு பெரியது என்பதை முதலில் எண்களில் பார்த்துவிடலாம். ஒன்பது மேசைகள், ரவுண்டுக்கு மூன்று போர்டுகள் (நால்வரின் சீட்டுகளையும் தனித்தனியாகத் தாங்கி மேசை மேசையாகப் போகும் தட்டுகள்), மொத்தம் 27 போர்டுகள் கொண்ட மிட்செல் ஆட்டத்தில் (நார்த்-சவுத் ஜோடிகள் அமர்ந்தே இருக்க, ஈஸ்ட்-வெஸ்ட் ஜோடிகள் மேசை மாறும் முறை) 243 முடிவுகள் பதிவாகின்றன. மற்ற எட்டு மேசைகளோடு ஒப்பிட்டு, வென்றதற்கு ஒரு புள்ளி, சமமானதற்கு அரைப் புள்ளி என்று கணக்கிட்டால் ஒரு போர்டின் உச்சம் 8, முழு ஆட்டத்தின் உச்சம் 216. இரு தரப்பும் வல்னரபிள் (பரிசுப் புள்ளியும் அபராதமும் கூடும் நிலை) இல்லாத போர்டில் நார்த் நான்கு ஸ்பேடை (ஸ்பேடைத் துருப்பாக வைத்து, பதிமூன்று சுற்றில் பத்தை வெல்லும் ஒப்பந்தம்) சரியாகச் செய்து 420 பெற்று, அதுவே அந்தப் போர்டின் தனி உச்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஈஸ்ட் செய்ததாக யாராவது பதிந்துவிட்டால் 420 எதிர்த்தரப்புக்குப் போய்விடும். அந்த ஜோடி 8 புள்ளியிலிருந்து சுழிக்கு இறங்கி, மொத்தத்தில் 3.7 சதவீதத்தை இழக்கும். அதோடு நிற்பதில்லை. அதே திசையில் அமர்ந்த மற்ற எட்டு ஜோடிகளுக்கும் தாங்கள் ஈட்டாத ஒரு புள்ளி, அதாவது 0.46 சதவீதம், ஆளுக்கு ஒன்றாக ஏறிவிடும். முதல் மூன்று இடங்கள் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும் மன்ற ஆட்டத்தில், ஒரு விரல் பிசகு பரிசுப் பட்டியலையே மாற்றப் போதுமானது.

டிராவலர் முறையைப் பழையது என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. போர்டோடு சேர்ந்தே மேசை மேசையாகப் பயணிக்கும் அந்த மடித்த தாளில், ஆட்டம் முடிந்ததும் நார்த் தன் வரிசையில் ஜோடி எண்கள், கான்ட்ராக்ட் (ஏலத்தில் ஏற்ற ஒப்பந்தம்), டிக்ளேரர் (அதை ஆடி முடிப்பவர்), டிரிக்குகள் (வென்ற சுற்றுகள்), ஸ்கோர் ஆகியவற்றை எழுதுகிறார். முந்தைய மேசைகளின் முடிவுகள் கண்ணெதிரே இருப்பதால் ஒரு நன்மை உண்டு: ஒரு மேசையில் கைகள் (ஒவ்வொருவரின் சீட்டுகள்) திசை மாறிப் போர்டுக்குள் திரும்பியிருந்தால், அடுத்த மேசையில் வரும் முடிவு முந்தையவற்றோடு கொஞ்சமும் ஒட்டாது, அங்கேயே யாராவது ஆட்டத்தை நடத்தும் நடுவரான டைரக்டரைக் கூப்பிடுவார்கள். மற்ற எந்த முறையிலும் இந்த எச்சரிக்கை இவ்வளவு இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆனால் அதே வெளிப்படைத்தன்மைதான் அதன் குறையும்கூட. மேலே ஐந்து பேர் "4 ஸ்பேட், நார்த்" என்று எழுதியிருந்தால், சவுத் ஆடிய ஆட்டத்தையும் கை தானாக நார்த் என்றே எழுதும். போர்டு வந்தவுடன், ஆடுவதற்கு முன்பே, தாள் தற்செயலாக விரிந்துவிட்டால் அந்தப் போர்டின் முடிவு கெட்டதென்றே கொள்ள வேண்டும். கணக்கை ஆட்டக்காரரே போடுவதால் வல்னரபிள் நிலையைக் கவனிக்காமல் மூன்று நோ டிரம்புக்கு (துருப்பில்லாத ஒப்பந்தம்) 600 என்பதற்குப் பதிலாக 400 என்று எழுதுவதும் வழக்கம். இவை எல்லாமே கடைசிப் போர்டு முடிந்து தாள்கள் ஒரே கட்டாகக் கணக்கு மேசைக்கு வந்த பிறகுதான் வெளிப்படும். அதற்குள் அந்தப் போர்டை ஆடிய நால்வரில் இருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

ரவுண்டுச் சீட்டு இதைவிட ஒழுங்கானது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு சீட்டு. நார்த் எழுதுகிறார், ஈஸ்ட் சரிபார்த்துச் சுருக்கொப்பமிடுகிறார், சீட்டு உடனே கணக்கு மேசைக்குப் போகிறது. மற்ற மேசைகளின் முடிவு யாருக்கும் தெரிவதில்லை என்பதால் தகவல் கசிய வழியில்லை. ஆட்டம் நடக்கும்போதே தட்டச்சு செய்துகொண்டே வரலாம் என்பதால் முடிவும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இந்த இரண்டாவது நன்மை ஏட்டளவில்தான் உண்மை. நம் மன்றங்களில் டைரக்டரே ஒரு ஜோடியில் அமர்ந்து ஆடுபவராகவும் இருப்பது வழக்கம். அவர் தன் கையை ஆடிக்கொண்டே 81 சீட்டுகளைச் சேகரித்து 243 முடிவுகளைத் தட்டச்சு செய்ய முடியாது. ஆகவே சீட்டுகள் குவிந்து கிடந்து, கடைசியில் டிராவலரின் கதியே இதற்கும் நேர்கிறது. ஆடாமல் கணக்கு மட்டும் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்றால் ரவுண்டுச் சீட்டு மிக நல்ல முறை. இல்லையென்றால் அது டிராவலரைவிடப் பெரிதாக மேலானதல்ல.

இனி தனிக் கருவி. நெதர்லாந்து நிறுவனம் ஒன்று செய்யும் பிரிட்ஜ்மேட் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. மேசைக்கு ஒன்றாக வைக்கப்படும் கையடக்கக் கருவிகள், கணினியோடு யுஎஸ்பி வழியே இணைந்த ஒரு சர்வர் பெட்டி, இவ்விரண்டுக்கும் இடையே கம்பியில்லா ரேடியோத் தொடர்பு, கணினியில் கட்டுப்பாட்டு மென்பொருள், அதனிடமிருந்து முடிவுகளை வாங்கி மேட்ச்பாயின்ட் (மற்ற மேசைகளோடு ஒப்பிட்ட புள்ளி) கணக்கிடும் ஸ்கோரிங் மென்பொருள் என்பதே அதன் அமைப்பு. வாங்கும்போது கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, மன்றம் ஏற்கெனவே பயன்படுத்தும் ஸ்கோரிங் மென்பொருள் இதோடு பேசுமா என்று பார்க்க மறப்பவர்கள் உண்டு. இதை முதலிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

கருவி எந்தத் தவறுகளை அடியோடு ஒழிக்கிறது, எவற்றை அப்படியே விட்டுவைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். கணக்குத் தவறு முழுவதுமாகப் போய்விடுகிறது. போர்டு எண்ணைச் சொன்னால் வல்னரபிள் நிலை கருவிக்குத் தெரியும். பதினாறு போர்டுகளுக்கு ஒருமுறை சுழலும் அந்த அட்டவணை அதனுள்ளேயே இருக்கிறது. தட்டச்சுத் தவறும் போய்விடுகிறது, ஏனென்றால் இரண்டாவது முறை யாரும் தட்டச்சு செய்வதில்லை. அந்த ரவுண்டில் அந்த மேசைக்கு உரியதல்லாத போர்டு எண்ணை அழுத்தினால் கருவி எச்சரிக்கும்படி அமைத்துவிடலாம். (தலைகீழாகப் பார்த்தால் ஒன்றாகத் தோன்றும் 6, 9 ஆகிய இரண்டு போர்டுகளிலும் ஈஸ்ட்-வெஸ்ட்தான் வல்னரபிள், ஆகவே காகிதத்தில் இவை இடம் மாறினால் ஸ்கோரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.) ஆனால் யார் டிக்ளேரர், எத்தனை டிரிக், டபிள் (எதிர்த்தரப்பு சவால் விட்டுப் புள்ளியை உயர்த்துவது) ஆனதா இல்லையா என்ற மூன்றையும் கருவி தானாக அறியாது. நார்த் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஒரே காவல், நார்த் பதிந்து முடித்ததும் திரையில் தோன்றும் முடிவை ஈஸ்டோ வெஸ்டோ படித்துவிட்டு 'அக்செப்ட்' விசையை அழுத்துவது. காசோலையில் இரண்டாவது கையெழுத்துப் போல, படிக்காமல் போட்டால் அதற்கு மதிப்பில்லை.

நடைமுறையில் கருவி முறை தோற்கும் இடம் இதுதான். "சரிதானே சார்?" என்று நார்த் கேட்பார், அடுத்த போர்டின் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஈஸ்ட், "சரி சரி, நீங்களே அழுத்திடுங்க" என்பார். நார்த்தே பதிந்து நார்த்தே ஏற்றுக்கொண்டால், அந்த மன்றம் பெருந்தொகை செலவழித்து ரவுண்டுச் சீட்டில் இருந்த ஒரு காப்பையும் இழந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். காகிதத்திலாவது வேறொருவரின் சுருக்கொப்பம் இல்லாத சீட்டு கண்ணில் படும், கருவியில் யார் விரல் அழுத்தியது என்பதற்குத் தடயமே இல்லை. ஆகவே கருவி வாங்கும் மன்றம் கூடவே ஒரு விதியையும் வாங்க வேண்டும்: பதிந்த பிறகு கருவி மேசையைக் கடந்து எதிர்த்தரப்பின் கைக்குப் போக வேண்டும், அவர் கான்ட்ராக்ட், டிக்ளேரர், முடிவு ஆகிய மூன்றையும் படித்த பிறகே விசையைத் தொட வேண்டும். கருவி நார்த் பக்கத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கும் மேசையில் இந்த விதி ஒரு மாதம்கூட நிற்காது.

பதியும் வரிசையும் முக்கியம். ஏலம் முடிந்து லீட் (டிக்ளேரரின் இடப்புறத்தவர் போடும் முதல் சீட்டு) விழுந்தவுடன் கான்ட்ராக்ட், டிக்ளேரர், லீட் சீட்டு ஆகியவற்றைப் பதிந்துவிட்டு, முடிவை மட்டும் ஆட்டம் முடிந்த பின் சேர்ப்பதே சிறந்த பழக்கம். நார்த் டம்மியாக (சீட்டுகளை விரித்து வைத்துவிட்டு ஆடாதிருக்கும் டிக்ளேரரின் கூட்டாளியாக) இருக்கும்போது இது சுலபம். அவரே ஆட வேண்டியவராக இருந்தால் கவனம் சிதறாதபடி கடைசியில் மொத்தமாகப் பதிவதே மேல். முடிவைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிகளில் 79ஆவது விதி தெளிவாக இருக்கிறது: நான்கு கைகளும் போர்டுக்குள் திரும்புவதற்கு முன்பே எத்தனை டிரிக் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீட்டுகளைக் கலைத்துப் போர்டில் செருகிவிட்டுக் கருவியை எடுக்கும்போதுதான் பத்தா பதினொன்றா என்ற சந்தேகம் வருகிறது. டைரக்டர் வந்தாலும் சான்றாகக் காட்ட மேசையில் ஒன்றும் இருக்காது.

லீட் சீட்டைப் பதிவது வீண் வேலை என்று முணுமுணுப்பவர்கள் எல்லா மன்றத்திலும் உண்டு. எனக்கோ, கருவியின் மிகப் பயனுள்ள வசதி அதுதான் என்று தோன்றுகிறது. கைகளின் பதிவு முன்கூட்டியே கணினியில் ஏற்றப்பட்டிருந்தால், பதிந்த லீட் சீட்டு லீட் செய்திருக்க வேண்டியவரின் கையில் இருக்கிறதா என்று சோதிக்க முடியும். உண்மையில் ஈஸ்ட் டிக்ளேரர், சவுத் ஹார்ட் ராணியை லீட் செய்தார் என்று கொள்வோம். நார்த் மறதியாக டிக்ளேரர் வெஸ்ட் என்று பதிந்தால், லீட் நார்த்திடமிருந்து வந்திருக்க வேண்டும். ஹார்ட் ராணியோ நார்த் கையில் இல்லை. சவுத் என்று பதிந்தால் லீட் வெஸ்டுடையதாக இருக்க வேண்டும். அங்கேயும் அந்த ராணி இல்லை. திசைத் தவறு அந்தக் கணத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. முன்பு கணக்கிட்டுக் காட்டிய அந்த 3.7 சதவீத விபத்தை, ஈஸ்டின் விழிப்பை மட்டும் நம்பாமல் தடுக்கும் ஒரே வழி இது. கைகளைக் கையால் கலைத்து ஆடும் சிறு மன்றங்களில் கைப்பதிவு இல்லாததால் இந்தச் சோதனை கிடைக்காது. அங்கே லீட் சீட்டைப் பதியச் சொல்லி ஆட்டத்தை மெதுவாக்க வேண்டியதில்லை.

முடிவைப் பதியும் வழக்கத்திலும் மன்றத்துக்கு மன்றம் வேறுபாடு இருக்கலாம். நான்கு ஸ்பேடில் பதினொரு டிரிக் எடுத்ததை ஒரு முறையில் "+1" என்றும், இன்னொரு முறையில் "11" என்றும், அமெரிக்க வழக்கில் "5" என்றும் பதிய வேண்டும். மென்பொருளில் எந்த முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதை மாற்றாமல் வைத்திருப்பதும், புதிதாக வருபவருக்கு முதல் ரவுண்டிலேயே சொல்வதும் போதும். நால்வரும் பாஸ் சொன்ன போர்டையும் பாஸ் என்றே பதிய வேண்டும். விட்டுவிட்டால் கருவி அதை இன்னும் ஆடாத போர்டாகவே கருதும். உண்மையிலேயே ஆட நேரமில்லாமல் போன போர்டுக்கு ஆட்டக்காரர்கள் தாங்களாக ஒரு முடிவைக் கற்பனை செய்து பதியக் கூடாது. 12ஆவது விதியின்படி 60, 50, 40 சதவீதம் என்று செயற்கை ஸ்கோர் வழங்குவது டைரக்டரின் பொறுப்பு.

ரவுண்டு தொடங்கும்போது திரையில் தோன்றும் ஜோடி எண்களைப் பார்க்காமல் கடந்துவிடுவது இன்னொரு பொதுவான பிழை. ஒரே வெற்றியாளரைக் காண்பதற்காகக் கடைசி ரவுண்டில் திசை மாற்றி ஆடும்போது, நார்த்-சவுத் என்று அமர்ந்திருந்தவர்கள் அந்த ரவுண்டில் ஈஸ்ட்-வெஸ்ட் கைகளை ஆட வேண்டும். கருவி இதை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. எண்களை மாற்றிக் காட்டும். மேசையில் இருப்பவர்கள் போர்டைத் திருப்ப மறந்தால், மூன்று போர்டுகளும் தலைகீழாகப் பதிவாகும். காகிதத்திலும் இதே தவறு நேர்வதுண்டு. ஆனால் அங்கே ஜோடி எண்ணைக் கையால் எழுத வேண்டியிருப்பதால் ஒரு கணம் யோசிக்க வாய்ப்பிருக்கிறது. கருவியில் 'சரி' என்று அழுத்திவிட்டால் முடிந்தது.

மற்ற மேசைகளின் முடிவுகளைத் திரையில் காட்டுவதா என்பது மன்றமே தேர்ந்துகொள்ளக்கூடிய அமைப்பு. காட்டினால் ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சி. டிராவலரைப் பிரிய மனமில்லாதவர்களைச் சமாதானப்படுத்தவும் அது உதவும். ஆனால் "எல்லாரும் ஆறு போயிருக்காங்க, நாம மட்டும் நாலுல நின்னுட்டோம்" என்று உரக்கச் சொன்னால் பக்கத்து மேசைக்கு அது அடுத்த ரவுண்டுக்கான வினாத்தாள் கசிவு; விதிகளின் மொழியில் வெளித்தகவல். சிறிய அறையில் மேசைகள் நெருக்கமாகப் போடப்பட்ட மன்றங்கள் முடிவுகளைக் காட்டாமல் வைப்பதே நல்லது. விசாலமான கூடத்தில் காட்டலாம். பதிந்ததும் கருவியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

டேப்லெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய திரையும் பெரிய எழுத்தும் அவற்றின் பலம். நம் மன்றங்களில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள் என்பதால் இதை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. சிறிய கருவியின் திரையைப் படிக்கக் கண்ணாடியை மாற்ற வேண்டியவர் படிக்காமலேயே ஏற்றுக்கொள்ளத்தான் செய்வார். ஆனால் டேப்லெட்டுகளுக்கு வைஃபை வேண்டும், ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் மின்னேற்ற வேண்டும், தானாக வரும் மென்பொருள் புதுப்பிப்புகளை நிறுத்தி வைக்க வேண்டும். இதற்கெனப் பொறுமையுள்ள ஒருவர் மன்றத்தில் இருந்தாலொழிய ஆறாவது மாதத்தில் பாதி டேப்லெட்டுகள் அலமாரியில் உறங்கும். உறுப்பினர்களின் சொந்தக் கைபேசியில் பதியும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆட்ட மேசையில் கைபேசி இருப்பதே கூடாது என்பது உயர்மட்டப் போட்டிகளின் நெறி. உலகச் சாம்பியன்ஷிப்களில் ஆடும் பகுதிக்குள் அதைக் கொண்டுவரவே அனுமதியில்லை. மன்றத்தில் ஒரு பழக்கம், போட்டியில் வேறொரு பழக்கம் என்று உறுப்பினர்களைக் குழப்புவதால் லாபம் எதுவுமில்லை. ஆட்டத்தின் நடுவே வாட்ஸ்அப் செய்தி திரையில் வந்து விழுவதை யாரும் தடுக்கவும் முடியாது.

பெரிய போட்டிகளில் ஆட விரும்பும் உறுப்பினர்கள் உள்ள மன்றங்களுக்குத் தனிக் கருவியின் பக்கம் இன்னொரு காரணமும் சாய்கிறது. 2015ஆம் ஆண்டில் உலக அணிச் சாம்பியன்ஷிப்பே சென்னையில் நடந்தது. பெர்முடா கிண்ணத்தைப் போலந்து வென்றது அந்த ஆண்டுதான். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் இணைப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்ற பிறகு, பிரிட்ஜைப் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கும் மனநிலையும் சற்று மாறியிருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் இளையவர் ஒருவர் அங்கேதான் முதன்முதலாகக் கருவியைக் கையில் எடுக்க நேர்ந்தால், அவருடைய கவனத்தில் ஒரு பகுதி ஆட்டத்திலிருந்து விசைகளுக்குப் போய்விடும்.

சென்னைக்கே உரிய சில கணக்குகளும் உண்டு. கோடையில் மின்சாரம் போய்வரும் மாலைகளில் தனிக் கருவிகள் பாதிக்கப்படுவதில்லை. பேட்டரியில் ஓடுகின்றன, சர்வரோடு தொடர்பு அறுந்தாலும் பதிந்ததைத் தம் நினைவில் வைத்திருந்து தொடர்பு மீண்டதும் அனுப்பிவிடுகின்றன. மடிக்கணினியாக இருந்தால் கணினிக்கும் கவலையில்லை. டேப்லெட் முறையில் வைஃபை ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைக்காவிட்டால், விளக்கு அணையும்போது ஆட்டமும் நிற்கும். மாறாக, கடற்கரைக் காற்றின் ஈரம் தனிக் கருவிக்குத்தான் பகை: நீண்ட விடுமுறையில் பேட்டரிகளை உள்ளேயே விட்டுவைத்தால் அவை கசிந்து முனைகளை அரித்துவிடும். பழுதானால் உள்ளூரில் சரிசெய்வது எளிதன்று என்பதால், மேசை எண்ணிக்கையைவிட ஒரு கருவியாவது கூடுதலாக வாங்க வேண்டும். எத்தனை மேசைகளுக்கு வாங்குவது என்று கணக்கிடும்போது மார்கழியை அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. பாதி உறுப்பினர்கள் சபாக்களில் இருக்கும் அந்த மாதத்தில் எந்த மன்றமும் சிறியதாகத்தான் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விடத் தனிக் கருவிக்குச் சாதகமாக என்னை எண்ணச் செய்வது முப்பது நிமிடக் கெடு. மன்றம் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், அதிகாரபூர்வமான ஸ்கோர் பார்வைக்கு வைக்கப்பட்டு 30 நிமிடங்கள் வரையில்தான் ஸ்கோர் தவறைத் திருத்தக் கேட்கலாம் என்று அதே 79ஆவது விதி சொல்கிறது. காகித முறையில் அந்த ஸ்கோர் வெளிவரும் நேரத்தில் கூடம் காலியாகிவிடும். கெடு யாருமில்லாத அறையில் ஓடி முடியும். மறுநாள் காலையில் முடிவைப் பார்த்துவிட்டு "அந்தப் பதின்மூன்றாம் போர்டில் நாங்கள் டபிள் செய்திருந்தோமே" என்று தொலைபேசியில் வரும் முறையீட்டுக்கு டைரக்டர் என்ன பதில் சொல்வது? கருவி முறையில் கடைசிப் போர்டு பதிவான சில நிமிடங்களில் முடிவு திரையில் தெரியும். எல்லாரும் காபிக் கோப்பையோடு நிற்கும்போதே, அந்தப் போர்டை ஆடிய நால்வரும் கூப்பிடும் தூரத்தில் இருக்கும்போதே, தவறைத் தீர்த்துவிடலாம். முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எந்த முறையிலும் இல்லை.

எனவே என் பரிந்துரை மேசை எண்ணிக்கையைப் பொறுத்தது. வாரம் நான்கு, ஐந்து மேசைகளுக்கு மேல் கூடாத மன்றம் டிராவலரிலேயே இருக்கலாம். ஆடாத ஒருவர் கிடைத்தால் ரவுண்டுச் சீட்டுக்கு மாறலாம். கருவிக்கான பணத்தை நல்ல போர்டுகளிலும் சீட்டுக்கட்டுகளிலும் செலவிடுவதே அதற்குப் பயன். ஏழு, எட்டு மேசைகளுக்கு மேல் தொடர்ந்து கூடும் மன்றம், அதிலும் டைரக்டர் தானும் ஆடும் மன்றம், தனிக் கருவியை வாங்குவதே சரி. இடையில் இருப்பவர்கள் கூட்டாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்: மயிலாப்பூரில் ஒரு நாள், அண்ணா நகரில் இன்னொரு நாள் என்று ஆட்டம் நடக்கும் இரண்டு மன்றங்கள் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ளத் தடையேதுமில்லை, பேட்டரியை யார் மாற்றுவது என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொண்டால். அணி ஆட்டம் மட்டுமே நடத்தும் மன்றத்துக்கு இந்த அவசரம் கிடையாது. அங்கே இரு மேசைக்காரர்களும் தங்கள் ஸ்கோர் தாள்களை நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை.

வாங்கிய மன்றம் முதல் சில வாரங்கள் காகிதத்தையும் கைவிடாமல், நார்த் கருவியில் பதிவதோடு ரவுண்டுச் சீட்டும் எழுதி வர வேண்டும். இரண்டும் வேறுபடும் இடங்களை டைரக்டர் குறித்துக்கொண்டு வந்தால், எந்த மேசையில் 'அக்செப்ட்' படிக்காமல் அழுத்தப்படுகிறது என்பது தெரிந்துவிடும். திருத்தம் செய்யும் பொறுப்பை ஒருவரிடமே விட வேண்டும். அவரும் ஒரே இடத்தில்தான் திருத்த வேண்டும். கருவி வழியாக வந்த முடிவை ஸ்கோரிங் மென்பொருளில் மட்டும் மாற்றிவிட்டு, பிறகு கருவிகளின் பதிவை மீண்டும் உள்ளே வாங்கினால் பழைய தவறே திரும்ப வந்து அமர வாய்ப்பிருக்கிறது. ஆட்டக்காரர்களும் தவறைக் கண்டால் தாங்களே அழித்து எழுத முயலாமல் கையை உயர்த்தி டைரக்டரைக் கூப்பிட வேண்டும். அவருக்கான குறியீட்டு எண் மேசையில் யாருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது.